வாய் திறக்காத வாசிப்பு

அறுபதுகளில் செஞ்சியில் ஐந்தாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். என் பிள்ளைகள் வாசித்தால் கடைத்தெரு வரைக்கும் கேட்கும். தலைமையாசிரியருக்கு அதில் அப்படி ஒரு பெருமை. எனக்கு எரிச்சல்தான் வரும். ஒருநாள் கரும்பலகையில், "எழுந்து போய் வேப்பமரத்தைத் தொட்டுவிட்டு வாருங்கள்" என்று எழுதினேன். வகுப்பே ராகம் போட்டுப் படித்தது. ஒரு பிள்ளையும் எழுந்திருக்கவில்லை. அடுத்த வரி எங்கே என்பதுபோல என்னைப் பார்த்தார்கள்.

சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. மறுநாளிலிருந்து தினமும் கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கக் கூடாது என்றேன். நான் பலகையில் எழுதுவேன். கண்ணால் படித்து, எழுதியதைச் செய்ய வேண்டும். ஜன்னலைச் சாத்து. பக்கத்தில் இருப்பவருக்கு உன் பலப்பத்தைக் கொடு. முதல் ஆளாக எழுந்தவள் நான் எதிர்பார்க்காத ஒருத்தி. அனந்தபுரம் சந்தையில் துணி விற்கும் முஸ்லிம் வியாபாரியின் மகள். திக்குவாய். உரக்கப் படிக்கச் சொன்னால் முதல் எழுத்திலேயே நின்றுவிடுவாள். அதனாலேயே போன வருஷம் பெயில்.

"இந்த வருசமும் பெயிலாச்சுன்னா வூட்லயே இருக்கட்டும் டீச்சரம்மா" என்று அவளுடைய தகப்பனார் சொல்லிவிட்டுப் போனார். கோபப்பட்டிருந்தால்கூடச் சமாதானம் சொல்லியிருப்பேன். அவர் நிதானமாகச் சொன்னதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பள்ளி ஆய்வாளர் வந்தது ஓர் அமாவாசை நாளில். மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருந்தார். மலைப்பாறையெல்லாம் அனல் கக்கிக்கொண்டிருந்தது. வகுப்புக்குள் நுழைந்ததுமே தலைமையாசிரியர் அந்தப் பெண்ணைக் காட்டி, "இது ஒண்ணுதான் சார் படிக்காது. இந்த வருசமும் நிறுத்திட வேண்டியதுதான்" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் படிக்கிற விதம் வேறு என்று சொல்லி, எங்கள் பலகைப் பாடத்தை விளக்கினேன்.

ஆய்வாளர் சாக்பீஸை வாங்கி எழுதினார்: "எனக்குத் தாகமாக இருக்கிறது."

'செய்' என்று அதில் எதுவுமே இல்லை. இப்படி ஒரு வரியை நாங்கள் பழகியதே இல்லை. பிள்ளைகள் திருதிருவென்று விழித்தார்கள். பொறுக்கமாட்டாமல் தலைமையாசிரியர் தானே அதை உரக்கப் படித்து, "சொல்லுங்கடா!" என்றார். வகுப்பு ராகம் போட ஆரம்பித்தது.

அந்தச் சத்தத்துக்கு நடுவே அவள் எழுந்து போனாள். வகுப்பு மூலையில் இருந்த பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு வந்து ஆய்வாளரிடம் நீட்டினாள். அவர் மடமடவென்று குடித்தார்.

"நல்லாத்தானே படிக்குது இந்தப் பொண்ணு. பாஸ் போடுங்க."

"சார், அது வாயே தொறக்கலியே?"

"நீங்க வாயத் தொறந்துதான் படிச்சீங்க. எனக்குத் தண்ணி வந்துதா?"

தலைமையாசிரியர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குச் சிரிப்பு பொங்கியது. ஆனால் சிரிக்க முடியவில்லை. அவ்வளவு நேரமும் பானைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது நான்தான்.