ரபாயேல் திறந்த ஜன்னல்கள்

எங்கள் வீதி நூலகம் முதலில் கொக்கோ கிட்டங்கியாக இருந்தது. அலுவிகாரைக்குப் போகும் பாதையோரம், கருங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. ஒரேயொரு கதவு, அதுவும் பின்பக்கம். ஜன்னலே கிடையாது, கூரைக்குக் கீழே காற்றுக்காக விட்ட வட்டத் துளைகள் மட்டும்தான். வியாபாரம் நொடித்ததும் உரிமையாளர் அதை ஊருக்கு எழுதிக் கொடுத்தார். எழுபத்து நான்கில் அதைத் திருத்தி வாசிகசாலையாக்க வந்தவர் ரபாயேல்.

வஹகோட்டைக்காரர், ஊரார் 'பாஸ்' என்று கூப்பிடும் மேசன். அவருடைய மனைவி மார்ஜரிக்கு அங்கே தமிழ்ப் புத்தகங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்திருந்தது.

"இந்த இருட்டுல எப்படிங்க வாசிப்பாங்க?" என்று அவள் கேட்டாள்.

அதற்காகவே பாதைப் பக்கச் சுவரை உடைத்து ஐந்து ஜன்னல் வைத்தார். மேலேயுள்ள கல் இறங்காமலிருக்க ஒவ்வொன்றுக்கும் செங்கல் வளைவு கட்டினார். சுவர் அவ்வளவு கனம் என்பதால் ஜன்னலின் அடிக்கட்டில் ஆளே உட்காரலாம். எல்கடுவையிலிருந்து வரும் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் பஸ் வரும்வரை அங்கே உட்கார்ந்துதான் பத்திரிகை பார்ப்பார்கள். காலை வெயில் மார்ஜரியின் மேசைவரை வரும்.

எண்பத்து மூன்று ஜூலையில் டவுனில் தமிழர் கடைகள் எரிகின்றன என்று கேள்விப்பட்டதும் மார்ஜரி வாசிக்க வந்தவர்களை வீட்டுக்கு அனுப்பினாள். கதவை உள்ளே தாழிட்டுவிட்டு, தானும் கிளம்புவதற்கு முன் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தாள். அதற்குள் கும்பல் வந்துவிட்டது. முதல் கல் அவள் முகத்துக்கு நேராகக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்தது. பின்னாலேயே தீப்பந்தம் விழுந்து தமிழ்ப் புத்தக அலுமாரி பற்றிக்கொண்டது.

எதிரே மளிகைக் கடை வைத்திருந்த ரவூப் நானாதான் பின்பக்கமாகப் போய் கதவை உடைத்து அவளைத் தூக்கி வந்தார். ரபாயேல் ஓடி வந்தபோது அவள் ரவூபின் வீட்டுக்குள் கிடந்தாள். முகமெல்லாம் ரத்தம்.

"சத்தம் போடாதீங்க பாஸ். அவனுகள் இன்னும் ரோட்டுல நிக்கிறானுகள்" என்றார் ரவூப்.

கண்டி ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றினார்கள். பார்வை திரும்பவில்லை.

கல்லுக் கட்டடம் என்பதால் தீ சுவரைத் தின்னவில்லை. கூரையைப் பழுது பார்க்க ரபாயேலையே கூப்பிட்டார்கள். கூரை முடிந்ததும், யாரையும் கேட்காமல், ஐந்து ஜன்னல்களையும் கல் வைத்து அடைத்தார். யாரும் தடுக்கவும் இல்லை. மறுபடி கிட்டங்கி மாதிரியே ஆயிற்று. பகலிலும் டியூப்லைட் எரிந்தது. கரண்ட் போனால் எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள்.

மார்ஜரி அவரிடம் அதைப் பற்றி வருடக்கணக்காகப் பேசவில்லை. பேசியபோது இப்படித்தான் சொன்னாள்:

"எனக்கு இருட்டுன்னா மத்தவங்களுக்கும் ஏங்க இருட்டு?"

"நான் ஜன்னல் வைக்கலன்னா அந்தக் கல்லு உள்ளுக்கு வந்திருக்குமா?"

"ஜன்னல் கேட்டது நான்தானே. அப்போ நானே எனக்குக் கல்லெறிஞ்சேனா?"

அவர் அன்று சாப்பிடாமலே படுத்தார்.

தொண்ணூற்று நான்கின் கடைசியில், சமாதானம் வரும் என்று எல்லோரும் பேசிக்கொண்ட நாட்களில், உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு போனார். நெஞ்சுச் சளியால் மூச்சு வாங்கியது. கொஞ்சம் தட்டுவார், உட்காருவார். ஒரு ஜன்னல் திறந்ததும் மார்ஜரியைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். அவள் அடிக்கட்டைத் தடவிப் பார்த்தாள். பஸ் போகும் சத்தம் நேராகக் கேட்டது.

"காத்து வருதுங்க" என்றாள்.

மற்ற நான்கையும் மழை விட்டதும் திறப்பதாகச் சொன்னார். மழை விடுவதற்குள் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். திரும்பி வரவில்லை. வஹகோட்டை வேதக்கோயில் மயானத்தில் அடக்கம் செய்தோம். மார்ஜரி அங்கேயே தன் தங்கை சவரியம்மாவோடு தங்கிவிட்டாள்.

ஒரு வருடத்துக்குள் சண்டை மறுபடி மூண்டது. ஊரெல்லாம் குண்டுப் பயம். பாதுகாப்புக்கென்று அந்த ஒரு ஜன்னலுக்கும் வெளியிலிருந்து தகரம் அடித்தார்கள். டவுனுக்குப் போன சவரியம்மா அதைப் பார்த்துவிட்டு வந்து, எப்படிச் சொல்வதென்று தெரியாமல் இரண்டு நாள் வைத்திருந்து, கடைசியில் பூசைக்குப் போகும் வழியில் சொன்னாள்.

மார்ஜரி அவள் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள்.

"அவரு பாக்காம போனாரே" என்றாள். "அது போதும்டி."