ரெமோன் அண்ணனுக்கு வராத சத்தம்

ரெமோன் அண்ணன் போய்விட்டார். இன்று காலை, சாரம் பகுதியில், தங்கை வீட்டில்.

தொண்டைப் புற்றுநோய்தான். ஆபரேஷனுக்குப் பிறகு எட்டு மாதம் ஓட்டினார்...

முதலியார்பேட்டையில் அவர் வைத்திருந்த சிடி கடை சிலருக்கு நினைவிருக்கும். முன்னால் ஜெராக்ஸ் மெஷின், பின்னால் பாட்டு. ஜெராக்ஸ் கடையை நடத்தியது. பாட்டு அண்ணனை நடத்தியது.

பக்திப் பாடலுக்கும் கானாவுக்கும் நடுவில் ஒரு தட்டு தனியாக இருக்கும். பாரிசில் இருக்கும் பெரியப்பா மகன் அனுப்பிய சிடிகள். ஹாலந்து நாட்டு எலக்ட்ரானிக் இசை. அந்த வேகத்தில் இதயம் அடித்தால் எந்த டாக்டரும் உடனே அட்மிட் செய்துவிடுவார்.

அதை வாங்க ஒருவரும் வந்ததில்லை. ஆனால் அதன் பெயரை எப்படிச் சொல்வது என்பதில் கடைக்குள் இரண்டு கட்சி இருந்தது.

உறையில் ஜி, ஏ, இரண்டு பி, ஈ, ஆர். "கேபர்" என்றேன் நான். ஆங்கிலத்தில் எம்.ஏ. படித்தவன் வேறென்ன சொல்வான்? "கபேர்" என்றார் அண்ணன். அவர் படித்தது பிரெஞ்சில். இரண்டு பேருக்கும் டச்சு தெரியாது என்பது விவாதத்துக்கு ஒருநாளும் தடையாக இருந்ததில்லை.

"உன் இங்கிலீஷ் இதுல எதுக்குய்யா? ஹாலந்துக்காரன் எங்காளுக்குப் பக்கத்து ஊரு. எங்காளுக்குத்தான் தெரியும்."

எங்காள் என்றால் பிரான்ஸ். அண்ணனின் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். குடும்பத்துக்கே பிரெஞ்சுக் குடியுரிமை. உறவில் பாதிப் பேர் பாரிஸ் போய்விட்டார்கள், அண்ணன் முதலியார்பேட்டையைத் தாண்டவில்லை.

"நமக்குப் பக்கத்து ஊரு விழுப்புரம். அவங்க பேசற மாதிரியா அண்ணே நாம பேசறோம்?"

"அதே மாதிரிதான்யா பேசறோம்."

நான் சிடியைத் திரும்பத் தட்டிலேயே செருகினேன்.

ஒரு நாள் ஒரு வெள்ளைக்காரப் பெண் பாஸ்போர்ட்டை ஜெராக்ஸ் எடுக்க வந்தார். அண்ணன் அட்டையைப் பார்த்தார். நெதர்லாந்து. ஜெராக்ஸை அப்படியே நிறுத்திவிட்டு, அந்தத் தட்டிலிருந்து ஒரு சிடியை எடுத்து நீட்டினார். "மேடம், ஹவ் யூ சே திஸ்?"

அவர் சொன்னார். அடித்தொண்டையிலிருந்து எதையோ காறி எடுப்பது போல ஒரு சத்தம், அதன் பின்னால் "பர்".

அண்ணன் பதறிப்போய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

அந்தப் பெண் வாங்கிக் குடித்தார். குடித்துவிட்டு இன்னொரு முறை சொன்னார். அதே சத்தம். அர்த்தமும் சொன்னார்... அவர்கள் ஊரில் நெருங்கிய சிநேகிதனை அப்படித்தான் கூப்பிடுவார்களாம்.

"அட, மச்சான்!" என்றார் அண்ணன். "ஒரு மச்சானைக் கூப்பிடவா இவ்ளோ கஷ்டப்படறாங்க?"

அப்போதுதான் எனக்கு ஆய்த எழுத்து ஞாபகம் வந்தது. ஃபேனுக்கும் ஃபைலுக்கும் வாடகைக்குப் போய்க்கொண்டிருந்த மூன்று புள்ளி. ஸ்கெட்ச் பேனாவில் எழுதித் தட்டில் ஒட்டினேன்: ஃகபர்.

எழுதுவது எளிது. சொல்ல அண்ணனுக்கு வரவில்லை. எனக்கும்தான். ஆனால் எனக்கு அது பொழுதுபோக்கு.

பிரெஞ்சுக்காரர்களின் 'ர'வும் தொண்டையிலிருந்துதான் வருமாம். அண்ணனுக்கு அது நுனிநாக்கிலேயே நின்றுவிடும். பாரிசிலிருந்து பெரியப்பா மகன் போன் செய்தால் ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்கும். "டேய், உன் பேரையே உனக்குச் சொல்ல வரல. பிரெஞ்சு பாஸ்போர்ட் வச்சிக்கினு இன்னாடா பண்ற?"

அண்ணன் சிரித்துக்கொண்டே போனை வைப்பார். பிறகு ஜெராக்ஸ் மெஷின் பக்கம் திரும்பி நிற்பார்... மெஷின் ஓடாது. உதடு மட்டும் அசையும்.

வருஷக்கணக்கில் முயன்றார். கடைக்கு வந்தவர்கள் சளி என்று நினைத்துக் கஷாயம் சொன்னார்கள்.

பென்டிரைவ் வந்தது, கடை போனது. அந்தத் தட்டை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோனார், லேபிளோடு.

ஆபரேஷன் முடிந்து சாரத்துக்குப் பார்க்கப் போனேன். குரல் போய், தொண்டையில் ஓர் உரசல்தான் மிச்சம். அதிகம் பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அண்ணன் அன்று நிறையப் பேசினார்.

"ஆஸ்பத்திரில நர்ஸம்மா பேர் கேட்டாங்கய்யா. சொன்னேன்... அப்படியே பாரிஸ் மாதிரி வந்துச்சு."

"அவங்க இன்னா சொன்னாங்க?"

"ஹேமந்த்னு எழுதிக்கினாங்க."

அவர் சிரித்தது கேட்கவில்லை. தோள் குலுங்கியது.

"பாரிஸுக்குச் சொன்னீங்களா அண்ணே?"

"போன் போட்டு மொத வார்த்தையே பேரைத்தான் சொன்னேன். யாருங்க பேசறதுன்னு கேட்டுட்டு வச்சிட்டான்."

இதற்கு இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

பிறகு கிட்டே வரச் சொல்லிக் கையை ஆட்டினார். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். என்னைப் பார்த்துச் சொன்னார்.

"ஃகபர்."

அந்த டச்சுப் பெண் சொன்னது போலவே. துளியும் சிரமமில்லாமல்.

சரியாக வந்துவிட்டதைக் காட்டினாரா, என்னைக் கூப்பிட்டாரா... கேட்கவில்லை. "இன்னொரு வாட்டி சொல்லுங்க அண்ணே" என்றேன். சொன்னார்.

தெருவில் ஒட்டியிருக்கும் போஸ்டரில் ரேமண்ட் என்று இருக்கிறது. ஆஸ்பத்திரி ஃபைலில் ஹேமந்த். அதைத் திருத்தத் தங்கை அலைந்துகொண்டிருக்கிறார்.

நாளை மாலை நான்கு மணிக்கு எடுக்கிறார்கள்.

காலையிலிருந்து நானும் சொல்லிப் பார்க்கிறேன். வரவில்லை. மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

எழுத மட்டும் வருகிறது.

போய் வாருங்கள், ஃகபர்.