சம்பந்தி வீட்டுக் கோழிக்கூடு

மகள் விரும்பிய பிரெஞ்சுக்காரப் பையனின் வீடு மொன்றியலிலிருந்து இரண்டு மணிநேர ஓட்டம். பெரிய பண்ணை. மான் வேட்டைக் காலம் என்பதால் சனி, ஞாயிறு வந்து தங்கச் சொல்லியிருந்தார்கள். "வந்து பாருங்க அம்மா. பிடிக்காட்டி வேணாம் எண்டு சொல்லுங்க, நான் விட்டிருவன்" என்றாள் மகள். தகப்பன் இல்லாத பிள்ளை. முடிவு சொல்ல நான் ஒருத்திதான்.

சம்பந்தம் பேசப் போகிறவள் எப்படிப் போவாள்? பட்டுச் சேலை கட்டினேன். தட்டத்தில் வெற்றிலை, வாழைப்பழம், கொக்கிஸ் பலகாரம் எல்லாம் அடுக்கினேன். மகள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் காரை எடுத்தாள்.

பையனின் தாய் வாசலிலேயே "போன்ஜூர்" என்று கட்டிப்பிடித்தாள். தட்டத்தை வாங்கி மேசையில் வைத்தாள். வைத்த கையோடு ஒரு சோடி றப்பர் பூட்ஸையும் ஒரு வாளியையும் என்னிடம் நீட்டினாள். கோழிக்கூடு கழுவ வேண்டுமாம், மகள்தான் தமிழில் சொன்னாள். துவக்கோடு ஆட்கள் திரியும் நேரம், மான் என்று நினைத்து யாரும் சுட்டுவிடக் கூடாதாம். பட்டுச் சேலைக்கு மேல் செம்மஞ்சள் அங்கி ஒன்றையும் மாட்டிவிட்டாள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். எனக்கு மூன்று நிமிடம்கூடக் கிடைக்கவில்லை.

எங்கள் மட்டக்களப்பில் சம்பந்திக்காரியிடம் ஒரு தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவக் கொடுத்தாலே மூன்று தலைமுறைக்குப் பேச்சு நின்றுவிடும். இங்கேயோ அவளும் என் பக்கத்தில் குனிந்து, பாட்டை முணுமுணுத்துக்கொண்டே கோழி எச்சத்தைச் சுரண்டினாள். என்னை மதிக்கிறாளா, மட்டம் தட்டுகிறாளா? கேட்கலாமென்றால் என் பிரெஞ்சு, நன்றி சொல்லும் மெர்சியோடு முடிந்துவிடும். கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நானும் சுரண்டினேன்.

ஞாயிறு காலை பையனும் தகப்பனும் ஒரு மானோடு வந்தார்கள். கொட்டிலில் தலைகீழாகத் தொங்கவிட்டார்கள். எங்கள் வீட்டில் பச்சைக் கோழியைத் தொடமாட்டாள் என் மகள். அவள் போய் மேசை லாச்சியைத் திறந்து கத்தியை எடுத்தாள். எந்த லாச்சி என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. எத்தனை தடவை இங்கே வந்திருக்கிறாளோ, எனக்குத் தெரியாது. சட்டைக் கையை மடித்துக்கொண்டு தோலை உரித்தாள். அவள் நெற்றியில் தெறித்த இரத்தத்தைப் பையன் துடைத்துவிட, ஏதோ சொல்லி வாய்விட்டுச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை எங்கள் செயின்ட்-மிஷேல் வீட்டில் நான் கேட்டதில்லை. எனக்கு அருவருப்பாக இருந்தது, பொறாமையாகவும் இருந்தது. பிள்ளை சந்தோசமாக இருக்கிறாள் என்று வயிறும் குளிர்ந்தது. மூன்றும் ஒரே நேரத்தில் வந்தால் மனுசி என்ன செய்வாள்? பின்னேரம் வரை அவர்களோடு விறகு அடுக்கினேன்.

திரும்பும்போது மொன்றியலுக்குள் போகும் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் மகள் கேட்டாள்.

"என்னம்மா சொல்லுறீங்க?"

"நான் வேணாம் எண்டு சொன்னா உண்மையாவே விட்டிருவியா?"

"ஓம்" என்றாள். யோசிக்கவேயில்லை.

இரண்டு நாளாக நான் கேட்க ஆசைப்பட்ட சொல் அதுதான். அம்மாவின் சொல்லுக்கு மேலே எதுவும் இல்லை என்று அவள் வாயால் வரவேண்டும் என்றிருந்தேன். வந்ததும் பயந்துபோனேன். அந்தச் சிரிப்பு முழுவதையும் என் ஒரு சொல்லுக்காக விடுவாளாம். விட்டுவிட்டு என்னோடு வந்து இருப்பாளாம். பிறகு அந்த முகத்தைத் தினமும் நான் எப்படிப் பார்ப்பது?

"கட்டு மகள்" என்றேன்.

அவள் காரை ஓரமாக நிறுத்திவிட்டு விக்கி விக்கி அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இவ்வளவு ஆசையை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு இவள் ஏன் என்னைக் கேட்டாள்?