என் பெயரில் போன லேகிய மெயில்

காஞ்சிபுரத்தில் ஒரு பெண் கெட்ட பெயர் வாங்க வேண்டுமானால் முன்பெல்லாம் கொஞ்சமாவது மெனக்கெட வேண்டும். எனக்கு ஒரு மெயில் போதுமாக இருந்தது. அதையும் நான் அனுப்பவில்லை.

நான் பட்டுச் சேலைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் வரைகிறவள். பார்டர், முந்தி, புட்டா எல்லாம் வீட்டிலேயே வரைந்து காந்தி ரோட்டுக் கடைக்கு மெயிலில் அனுப்புவேன். ஃபைல்கள் பெரியவை. மெயில் பெட்டி எப்போதும் நிரம்பி வழியும். அதனால், "உங்கள் பெட்டி நிரம்பிவிட்டது, இங்கே பாஸ்வேர்டைப் போட்டுக் கூடுதல் இடம் பெறுங்கள்" என்று ஒரு மெயில் வந்தபோது யோசிக்காமல் போட்டுவிட்டேன். இடம் கிடைத்தது திருடனுக்கு.

அவன் என் கணக்குக்குள் புகுந்து, அதில் முகவரி இருந்த அத்தனை பேருக்கும் ஒரு வீரிய லேகியத்தைச் சிபாரிசு செய்தான். "அன்புள்ள ஐயா, குதிரையின் பலம். நானே உபயோகித்துப் பலன் அடைந்தேன்." கீழே என் பெயர். ஒரு பெண் அந்த லேகியத்தில் என்ன பலனை அடைந்திருக்க முடியும் என்று அந்த முட்டாள் யோசிக்கவில்லை. படித்த பெரிய மனிதர்களும் யோசிக்கவில்லை. அதற்கும் கீழே ஒரு லிங்க்: விலைப்பட்டியல் பார்க்க உங்கள் மெயில் பாஸ்வேர்டைப் போடவும். யாராவது பதில் எழுதினால் அது என் கண்ணில் படாமல் நேராகக் குப்பைக்குப் போகும்படியும் ஏற்பாடு செய்திருந்தான். ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

முதலில் சொன்னவர் கடை முதலாளி. "என்னாமா, லேகியம்லாம் விக்க ஆரம்பிச்சிட்டியா?" என்றார். அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நான் பாஸ்வேர்டை மாற்றினேன். கணக்கு வேறு எங்கெல்லாம் திறந்து கிடந்ததோ அங்கெல்லாம் மூடினேன். இனிமேல் என் ஃபோனுக்கு எண் வந்தால்தான் திறக்கும்படி பூட்டினேன். பிறகு உட்கார்ந்து எல்லோருக்கும் விளக்கம் எழுதினேன். லேகியத்தை வரி விடாமல் படித்த ஒருவருக்கும் விளக்கத்தைப் படிக்க நேரமில்லை.

இதோடு போயிருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஆனால் அந்த முகவரிகளில் ஒன்று, சின்ன காஞ்சிபுரத்தில் எனக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளையின் அப்பாவுடையது. வாட்ஸ்அப்பில் ஜாதகம் அனுப்புவது மரியாதையில்லை, மெயிலில் அனுப்புங்கள் என்று கேட்டு வாங்கியவர். பெண் பார்த்துவிட்டுப் போய், நிச்சயதார்த்தத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளைக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. பெண் பார்க்க வந்த அன்று என் சேலையின் பார்டரைப் பார்த்து, "இது நீங்க வரைஞ்சதா?" என்று கேட்டார். அதுவரை என்னைப் பார்க்க வந்த எவனும் என் வேலையைப் பற்றி வாய் திறந்ததில்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. இந்தக் கல்யாணம் நடக்க வேண்டும் என்று நிஜமாகவே ஆசைப்பட்டேன்.

அவருடைய அப்பா என் அப்பாவுக்கு ஃபோன் செய்தார். அப்பா ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னாங்க இது? கல்யாணம் ஆவாத பொண்ணு அனுப்புற விஷயமா இது? குதிரைன்னெல்லாம் எழுதுது. நாங்க கௌரவமான குடும்பம். தலைப்பப் பாத்ததுமே அழிச்சிட்டோம், தொறந்துகூடப் பாக்கல."

"எவனோ திருட்டுப் பையன் பண்ணதுங்க," என்றார் அப்பா.

"எங்க வூட்டுக்கெல்லாம் வராத திருடன் உங்க வூட்டுக்கு மட்டும் ஏன் வர்றான்? விட்டுடுங்க, இந்தப் பேச்சே வேணாம்."

திறந்தே பார்க்காதவருக்குக் குதிரை வரைக்கும் தெரிந்திருந்தது. அப்பா இதைக் கவனிக்காமல் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "பொம்பளப் புள்ளைக்கு மெயில் எதுக்குன்னு அன்னைக்கே சொன்னேன்," என்றாள் அம்மா. அந்த மெயிலில்தான் என் பிழைப்பே ஓடுகிறது என்பது அவளுக்கு மறந்துவிட்டது. மாப்பிள்ளையாவது பேசுவார் என்று காத்திருந்தேன். கம்ப்யூட்டரோடு குடித்தனம் நடத்துகிற மனிதருக்கு இது புரியாதா? அவர் பேசவில்லை.

அடுத்த வாரம் ஒரு காலையில் டிசைன் அனுப்ப மெயிலைத் திறந்தேன். அன்புள்ள ஐயா, குதிரையின் பலம். நானே உபயோகித்துப் பலன் அடைந்தேன். கீழே மாப்பிள்ளையின் அப்பா பெயர். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். இந்த மெயில் ஜலதோஷம் மாதிரி தானாகத் தொற்றுவதில்லை. விலைப்பட்டியல் பார்க்க ஆசைப்பட்டுப் பாஸ்வேர்டைத் தட்டியவர்களின் கணக்கிலிருந்துதான் கிளம்பும். கௌரவமான குடும்பம் விலை விசாரித்திருக்கிறது.

சிரித்து முடிப்பதற்குள் அதே முகவரியிலிருந்து இன்னொரு மெயில் எல்லோருக்கும் வந்தது. மாப்பிள்ளை எழுதியது. "என் தந்தையின் மெயில் கணக்கு திருடப்பட்டுவிட்டது. அந்தக் கடிதத்துக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவர் எப்படிப்பட்டவர் என்பது உங்களுக்குத் தெரியும். தயவுசெய்து தவறாக எண்ண வேண்டாம்." குறை சொல்ல முடியாத நல்ல தமிழ். சாயங்காலம் எனக்கு ஃபோனும் செய்தார்.

"அப்பாக்கு இப்ப புரிஞ்சிடுச்சிங்க. திரும்ப நாள் பாக்கலாம்னு சொல்லிக்கினு இருக்காரு."

"உங்களுக்கு எப்பப் புரிஞ்சிது?"

"எனக்கு அன்னைக்கே தெரியுங்க. பாத்த உடனே ஹேக்குன்னு தெரிஞ்சிடுச்சி." நான் பாராட்டுவேன் என்று நினைத்தார் போலிருக்கிறது.

"உங்க அப்பாகிட்ட சொன்னீங்களா?"

"அவரு கோவமா இருந்தாருங்க. ஆறட்டும்னு இருந்தேன்."

"இன்னைக்கு மட்டும் உடனே ஊருக்கெல்லாம் எழுதினீங்களே?"

"அது அப்பா மானம் இல்லீங்களா? எப்படி சும்மா இருக்கிறது?"

"என் மானம் போனப்ப சும்மாதான இருந்தீங்க."

ஃபோனை வைத்துவிட்டு, இந்த வரன் வேண்டாம் என்று நானே அப்பாவிடம் சொன்னேன். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, இந்த ஆளுக்காகவா அழுகிறோம் என்ற வெறுப்போடு அழுதேன்.