செல்வி போட்ட லிங்க்

காஞ்சிபுரத்துக்காரர்களின் இணையக் குழு ஒன்றை அப்போது நான்தான் கவனித்துவந்தேன். கோயில் கருட சேவைத் திருவிழாவுக்கு மறுநாள், செல்வி என்ற புதிய பெண் பின்னூட்டத்தில், ‘இந்தப் படத்தைப் பாருங்க, அவசரம்’ என்று ஒரு லிங்க் போட்டிருந்தாள். அது திறக்கவில்லை. விளம்பரம் என்று நினைத்து அழித்தேன். மறுபடியும் போட்டாள். ‘லிங்க் போடத் தெரியாவிட்டால் தொந்தரவு செய்யாதீர்கள்’ என்று எழுதினேன்.

‘எனக்குத் திறக்குதே மேடம். கூட்டத்துல அப்பாவைத் தொலைச்சிட்டோம். அவருக்கு ஞாபகமே நிக்காது’ என்று பதில் வந்தது. கூடவே போன் நம்பர்.

லிங்க்கை மறுபடியும் பார்த்தேன். அவள் போட்டிருந்தது, படம் அவளுடைய கம்ப்யூட்டரில் இருக்கும் இடத்தின் முகவரி. மற்றவர்களுக்கு அது எப்படித் திறக்கும்? உடனே போன் செய்தேன்.

“அழாதம்மா. படத்த மொதல்ல நெட்டுல ஏத்தணும். நான் சொல்லச் சொல்ல செய்.”

“செஞ்சிக்கினுதான் இருக்கறேன் மேடம். மேல புதுசா ஒரு அட்ரஸ் வந்திருக்குது.”

“அதான். அத காப்பி பண்ணிப் போடு.”

இந்த முறை அவள் அப்பாவின் படம் திறந்தது. அரை மணி நேரத்தில் குழுவில் ஒரு மாணவர் எழுதினார்: ‘இவர் காலையிலேர்ந்து ஏனாத்தூர் பஸ் ஸ்டாப்புல உக்காந்துக்கினு இருக்காரு. நான் போய் அவர் பக்கத்துல இருக்கேன், வாங்க.’

சாயங்காலம் செல்வி கூப்பிட்டாள். “அப்பா வந்துட்டாரு மேடம், சாப்டுக்கினு இருக்காரு. மொதல்ல போட்டத நாந்தான் தப்பா அழுத்தி அழிச்சிட்டேன் போல.”

“இல்லம்மா, அழிச்சது நான்தான்” என்றேன்.

“பரவால்ல மேடம், அதான் கெடச்சிட்டாரே” என்று சிரித்தாள். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. இன்று எந்தக் குழுவிலும் புதியவர் யாராவது போட்ட லிங்க் திறக்காவிட்டால், எதைக் காட்ட நினைத்தீர்கள் என்று முதலில் கேட்டுவிடுகிறேன்.