மொட்டை மாடியில் கைமா உருண்டை

கல்யாணமாகி ஐந்து வருடம் கழித்து என் மனைவி கர்ப்பமானாள். இரண்டாயிரத்து இரண்டோ மூன்றோ, சரியாக நினைவில்லை. அந்த மாதம் முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஏற்றுமதிக் காகிதங்கள் தயார் செய்வது என் வேலை. ஒரு நாள் பேக்கிங் லிஸ்டில் ஆண்கள் ஷூ என்று அடிக்க வேண்டிய இடத்திலெல்லாம் குழந்தைகள் ஷூ என்று அடித்து வைத்திருந்தேன். மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவர் முகம் சிவந்தது. விஷயத்தைச் சொன்னேன். பேனாவை எடுத்து அவரே திருத்த ஆரம்பித்துவிட்டார்.

சந்தோஷமெல்லாம் எனக்கு. பாடெல்லாம் அவளுக்கு. அவள் வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். தினமும் ரயிலில் போய் வருவாள். ஆஸ்பத்திரியின் எந்த வாடையும் அவளை ஒன்றும் செய்யவில்லை. வீட்டில் எல்லாமே குமட்டியது. கொத்தமல்லி ஆகாது. பவுடர் ஆகாது. சர்ச்சில் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தால் பழைய காகித வாடை ஆகாது. என் சட்டையில் ஒட்டியிருக்கும் தோல் வாசனை சுத்தமாக ஆகாது. சாயங்காலம் வெளிக்குழாயில் குளித்து, வேறு சட்டை மாற்றிய பிறகுதான் வாசலுக்குள் விடுவாள். மூன்று வாரமாக ரஸ்க்கும் எலுமிச்சைச் சாறும்தான் அவள் வயிற்றில் தங்கின.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், ரஸ்க்கைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"பக்ரீத்துக்கு பாய் வீட்லர்ந்து ஒரு உருண்டைக் குழம்பு வந்துச்சே, புளிப்பா. அது இருந்தா சாப்புடுவேன்."

சொல்லிவிட்டு அப்படியே தூங்கிப்போனாள். மூன்று வாரத்தில் அவள் வாயிலிருந்து 'சாப்புடுவேன்' என்ற சொல் வந்தது அதுதான் முதல் முறை.

பாய் என்றால் எங்கள் கம்பெனியின் கட்டிங் செக்ஷன் சூப்பர்வைசர். பத்து வருடமாக என்னோடு டீ குடிப்பவர். மறுநாள் டீக்கடையில் விஷயத்தைச் சொன்னேன். வீட்டில் செய்யச் சொல்லி ஞாயிற்றுக்கிழமையே கொண்டு வந்து தருகிறேன் என்றார். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் நான் இருந்த நிலையில், அதை நானே என் கையால் செய்து கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. எனக்கு அப்போது முட்டை அவிக்கத் தெரியும். அதற்கு மேல் தெரியாது. செய்முறையை மட்டும் சொல்லுங்கள், போதும் என்றேன்.

பாய் யோசிக்கவே இல்லை. "அது ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல தோஸ்த்" என்று ஆரம்பித்தார். அரைக்கிலோ மாட்டுக்கறிக் கைமா. அதில் வெங்காயம், பச்சை மிளகாய், இஞ்சி பூண்டு, ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை. பிசைந்து உருட்ட வேண்டும். காய்ந்த மிளகாய் விழுது, தக்காளி, எலுமிச்சை அளவு புளி கரைத்துக் குழம்பு கூட்டி, உருண்டைகளைப் போட்டுச் சின்னத் தீயில் இரண்டு மணி நேரம். அவ்வளவுதான். அவர் சொன்ன தோரணையில், வாழ்நாள் முழுக்க அதையே செய்துகொண்டிருந்தவர் போலிருந்தது. நான் சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவி நைட் டூட்டி முடித்து வந்து படுத்தாள். சாயங்காலம் வரை எழுந்திருக்க மாட்டாள். நான் சர்ச்சுக்குப் போகாமல் கறிக்கடைக்குப் போனேன். கைமா கேட்டபோது கடைக்காரர் எதற்கு என்று விசாரித்தார். உருண்டைக்கு என்றதும், கொழுப்பு கொஞ்சம் இருந்தால்தான் மெத்தென்று வரும் என்று அவராகவே சேர்த்துக் கத்தியால் கொத்திக் கொடுத்தார். அவர் கேட்காமலே, என் மனைவி முழுகாமல் இருக்கிறாள் என்பதையும் சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்குள் சமைத்தால் வாடையில் அவள் எழுந்துவிடுவாள். அதனால் திரி ஸ்டவ், அலுமினியச் சட்டி, கத்தி, அரிவாள்மணை எல்லாவற்றையும் மொட்டை மாடிக்கு ஏற்றினேன். நாலு நடை. மாடியில் உட்கார்ந்து பிசைந்து, இருபத்திரண்டு உருண்டை பிடித்துத் தாம்பாளத்தில் அடுக்கிவிட்டுப் புளி கரைக்கத் திரும்பினேன். திரும்பிப் பார்த்தால் இருபத்தொன்று. தண்ணீர்த் தொட்டி மேல் ஒரு காக்கா வாய் நிறைய வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தது. நான் எழுந்து விரட்டியதும் பின்னாலிருந்து இன்னொன்று வந்து இன்னொரு உருண்டையைத் தூக்கியது.

கீழே ஓடிப்போய்க் குடையை எடுத்து வந்தேன். இடது கையில் குடை, வலது கையில் கரண்டி. பக்கத்து மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த டீச்சரம்மா வானத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னா சார், மழையா?"

இல்லை, காக்கா என்றேன். அவர் அடுத்த துணியை எடுத்து உதறினார்.

குழம்பு கொதித்து வந்தது. அதன் வாசம் நன்றாகவே இருந்தது. முதலில் ஆறு உருண்டைகளை மட்டும் போட்டுப் பார்க்கலாம் என்று ஏனோ தோன்றியது. அந்த ஒரு புத்தியாவது அன்றைக்கு எனக்கு வேலை செய்தது. ஆறையும் போட்டுக் கரண்டியால் கிளறினேன். ஒன்று பிளந்தது. அதை ஒட்டவைக்கப் போனபோது இன்னும் இரண்டு பிளந்தன. ஐந்தே நிமிடத்தில் சட்டியில் உருண்டை என்று எதுவும் இல்லை. முழு முழுப் பொட்டுக்கடலைகள் மட்டும் குழம்பின் மேல் மிதந்தன.

அடுப்பைத் தணித்துவிட்டு, சட்டிக்கும் தாம்பாளத்துக்கும் மேலே குடையை விரித்துச் செங்கல் வைத்துவிட்டு, தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். கையெல்லாம் மசாலா. பூத்துக்காரர் ரிசீவருக்கு ஒரு பழைய பேப்பரைச் சுற்றிக் கொடுத்தார். பாய்தான் எடுத்தார். உருண்டை உடைந்துபோனதைச் சொன்னேன். அவர் குரல் ரொம்பவும் தணிந்து வந்தது. அப்படியா, உடையுமா அது என்று என்னையே கேட்டார். பின்னாலிருந்து அவர் வீட்டம்மா என்ன விஷயம் என்று விசாரிப்பது கேட்டது. போனை அந்தம்மா வாங்கிக்கொண்டார்.

"அவரு சொன்னத நம்பியா எறங்கினீங்கண்ணா? அவருக்கு சுடுதண்ணி வெக்கத் தெரியாது."

அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தார். மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கும் சிரிப்புத் தொற்றிக்கொண்டது. பூத்துக்காரர் கண்ணாடிக் கதவு வழியாக என்னையே பார்த்தார். ஒருவழியாக அந்தம்மா மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: பொட்டுக்கடலையை முழுசாகப் போடக்கூடாது, மாவாகப் பொடித்துத்தான் போட வேண்டும். கறியை மாவு பிசைவதுபோலக் கையில் ஒட்டும்வரை அழுத்திப் பிசைய வேண்டும். அதுதான் பிடிமானம்.

"முக்கியமானது ஒண்ணுண்ணா. உருண்டையப் போட்டப்புறம் கரண்டியத் தொடவே தொடாதீங்க. சட்டியத் துணியால புடிச்சி மெதுவா ஆட்டுங்க. ஊஞ்சல் ஆட்ற மாதிரி."

திரும்பி மாடிக்கு வந்தேன். இரண்டு காக்கைகள் குடையைச் சுற்றி நடந்துகொண்டிருந்தன. மீதி உருண்டைகளை உடைத்து, குடைக்குக் கீழே குனிந்து உட்கார்ந்து, கறியிலிருந்து பொட்டுக்கடலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். கீழே மிக்ஸி போட்டால் அவள் எழுந்துவிடுவாள். அதனால் புதுப் பொட்டுக்கடலையைத் துணியில் முடிந்து சோடா பாட்டிலால் உருட்டிப் பொடித்தேன். வெயில் ஏறிவிட்டது. முதுகெல்லாம் வியர்வை. ஆனாலும் அலுப்பே தெரியவில்லை. பிறக்கப்போகிற பிள்ளைக்குப் பேர் யோசித்துக்கொண்டே பிசைந்தேன். பத்துப் பேர் தேறின. ஒன்றுகூட மறுபடியும் சொன்னால் நன்றாக இல்லை.

இந்த முறை உருண்டைகள் பளபளவென்று வந்தன. உடைந்த கைமா கரைந்த அதே குழம்பில், இன்னும் கொஞ்சம் புளி ஊற்றி, ஒவ்வொன்றாக இறக்கினேன். திரியைக் கீழே இறக்கி, தீ நீலமாகத் துளிர்த்துக்கொண்டிருக்கும் அளவுக்கு வைத்தேன். கால் மணிக்கு ஒரு தரம் சட்டியை இரண்டு பக்கமும் துணியால் பிடித்து ஆட்டினேன். ஒன்றும் உடையவில்லை. குழம்பு மெல்லச் சுண்டிக் கறுஞ்சிவப்பாகி, ஓரத்தில் எண்ணெய் பிரிந்தது. மாடி முழுக்கப் புளியும் மிளகாயும் கறியும் கலந்த வாசம். காற்று அதைப் படிக்கட்டு வழியாகக் கீழே இழுத்துக்கொண்டு போவதை நான் கவனிக்கவில்லை.

நிமிர்ந்தபோது அவள் படியேறி வந்து நின்றிருந்தாள். கலைந்த தலை, நைட்டி, கையில் வாந்தி வந்தால் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் மக். எல்லாம் வீணாகிவிட்டது என்று நினைத்தேன்.

"இன்னாங்க இது" என்றாள். மக்கைக் கீழே வைத்துவிட்டுச் சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

சோறு வடிக்கவே நான் மறந்திருந்தேன். சட்டி மூடியில் இரண்டு உருண்டை வைத்துக் கொடுத்தேன். விரலால் பிட்டு ஊதி ஊதி வாயில் போட்டாள். கண்ணை மூடினாள். புளிப்பு ஏறித் தோள் சிலிர்த்தது. இன்னும் இரண்டு வைத்தேன். பிறகு அவளே எடுக்க ஆரம்பித்தாள். ஒன்பது உருண்டை. கையை நக்கிவிட்டுச் சுவரில் சாய்ந்தாள்.

பிறகு இரண்டு பேரும் காத்திருந்தோம். வழக்கமாகப் பத்து நிமிடத்தில் எல்லாம் வெளியே வந்துவிடும். அவள் கை வாட்சைப் பார்த்தாள். நான் மக்கைப் பார்த்தேன். பத்து நிமிடம் போனது. கால் மணி போனது. அவள் வயிற்றிலிருந்து பெரிய ஏப்பம் ஒன்று வந்தது. பக்கத்து மாடியில் காய்ந்த துணி எடுத்துக்கொண்டிருந்த டீச்சரம்மாவே திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான், எங்கள் இருவருக்கும் அடக்க முடியவில்லை. அவள் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்து, என் தோளில் முகத்தைத் துடைத்தாள். என் சட்டை வாடையைப் பற்றி அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்க ஆரம்பித்தது. மகள் பிறக்கும்வரை மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமையாவது இதைச் செய்தேன். காக்கைகளும் தவறாமல் வந்தன.

ஆனால் அந்த முதல் ஞாயிறு அதோடு முடியவில்லை. நாலு மணி வாக்கில் பாயும் அவர் வீட்டம்மாவும் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்கள். போனில் கேட்டதை வைத்து, நிச்சயம் கெட்டுப்போயிருக்கும் என்று ஒரு தூக்கில் உருண்டைக் குழம்பும் சோறும் கொண்டு வந்திருந்தார்கள். அந்தம்மா என் சட்டியிலிருந்து ஒன்றை எடுத்து நிதானமாக மென்றார்.

"உப்பு கொஞ்சம் கம்மி. உருண்டை நல்லா புடிச்சிருக்கு."

பாய் அது தன் செய்முறை என்றார். அதை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. நாலு பேரும் மாடியிலேயே கோரைப்பாய் விரித்து உட்கார்ந்து, இரண்டு வீட்டு உருண்டைகளையும் கலந்து சாப்பிட்டோம். பாயின் தட்டில் கடைசியாக ஒன்று மீந்திருந்தது. பேசிக்கொண்டே அவர் வேறு பக்கம் திரும்பிய நேரத்தில் என் மனைவி அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.