வலிக்காத கால்

திருவண்ணாமலைக்கு நடந்து போவது என்று முடிவெடுத்தவன் நான் அல்ல, என் பள்ளித் தோழன். அவன் மனைவியின் வயிற்றில் இருந்த கட்டியை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று வேண்டிக்கொண்டான்: பயப்படும்படி ஒன்றும் இல்லையென்றால் தாம்பரத்திலிருந்து அண்ணாமலையார் சன்னிதி வரை செருப்பில்லாமல் நடக்கிறேன். ஒன்றும் இல்லை என்றுதான் வந்தது. பக்தியில் எனக்கு எப்போதும் பின் வரிசைதான். ஆனாலும் அந்த வராந்தாவில் அவன் முகத்தைப் பார்த்தவன் என்பதால் மறுக்க முடியவில்லை. பழைய வகுப்புத் தோழன் இன்னொருவனும் சேர்ந்துகொண்டான். வங்கி அதிகாரி. முழங்கால் உறை, கருப்புக் கண்ணாடி, முதுகில் தண்ணீர்ப் பை என்று இமயமலைக்குப் புறப்பட்டவன்போல் வந்தான்.

சித்திரைப் பௌர்ணமிக்கு முந்தைய வாரம், விடியுமுன் கிளம்பினோம். பெருங்களத்தூரிலேயே எனக்கு மூச்சு வாங்கியது. வண்டலூரைத் தாண்டும்போது உயிரியல் பூங்காவுக்குள் சிங்கம் கர்ஜித்தது. "உன்னப் பாத்துதான் மச்சான் சிரிக்குது," என்றான் வங்கிக்காரன்.

வழியெல்லாம் பந்தல்கள். "வாங்க சாமி, சாப்ட்டுப் போங்க சாமி" என்று கையைப் பிடித்து இழுப்பார்கள். பாதயாத்திரைக்காரன் மறுக்கக் கூடாது. நடந்து உடம்பைக் குறைத்துக்கொண்டு வருகிறேன் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். கூடுவாஞ்சேரி வருவதற்குள் பொங்கலும் கேசரியுமாக என் எடை கூடியிருக்கும்.

வெயில் ஏறியது. வெறுங்காலில் நடப்பவர்கள் சூடு தாங்காமல் சாலையோர வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போனார்கள். வேண்டிக்கொண்டவன் மட்டும் கருந்தாரில் சாவகாசமாக நடந்தான்.

"கால் சுடலையாடா?"

"இல்ல மச்சான். காலைலேருந்து ஒரு கல்லுகூடக் குத்தல. அவரே தூக்கிட்டுப் போறாருடா."

கண் கலங்கியிருந்தது. எனக்கும் சிலிர்த்தது, பொய் சொல்வானேன். கொஞ்சம் பொறாமைகூட. அவனுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை நோய் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். ஒருவருக்கும் அது ஞாபகம் வரவில்லை.

பொத்தேரிப் பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்த அக்காதான் கத்தினார்: "இன்னா சாமி, காலு பூரா ரத்தமா கீது! பாத்து நடக்க மாட்டியா?"

திரும்பிப் பார்த்தோம். சிமெண்ட் தரையில் வாசலிலிருந்து சிவப்பாகக் கால் தடங்கள். உட்காரவைத்துப் பாதத்தைத் திருப்பினால், குதிகாலில் ஒரு கண்ணாடிச் சில்லு. சுற்றிலும் கொப்புளங்கள் வெடித்திருந்தன. அவனும் எட்டிப் பார்த்துவிட்டு, "இது எப்போ?" என்றான். அந்தக் கேள்விதான் என்னைப் பயமுறுத்தியது.

"மச்சான், இது அருள் இல்லடா, சுகரு," என்றான் வங்கிக்காரன் மெதுவாக. "கால் மரத்துப் போச்சு உனக்கு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"ஒரு கட்டு போடு, போதும். நடந்துடுவேன்."

"காலையே எடுத்துடுவாங்கடா!"

"எடுக்கட்டும். நான் பாதில நின்னா அவளுக்குத் திரும்ப வந்துடும்."

கோழைகள் செய்வதைச் செய்தேன்: ஓரமாகப் போய் அவன் மனைவிக்குப் போன் போட்டேன்.

எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடித்து வந்துவிட்டார். சுடிதார், தோளில் ஒரு பை, காலில் ஷூ. ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டர் சொன்னதால் தினமும் காலையில் நடக்கிறவர். கணவன் காலைப் பார்த்தார்.

"பொழைச்சது நான். நடக்கறது மட்டும் நீங்களா? என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"வேண்டிக்கிட்டது நான்தானே..."

"நீங்க ஆஸ்பத்திரிக்குப் போங்க. மிச்சத்த நான் நடக்கறேன்."

"வெறுங்கால்லயா?"

"ஷூ போட்டுட்டுத்தான். சாமி கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்."

அவன் மறுபடி வாயைத் திறப்பதற்குள் மோர் அக்கா முந்திக்கொண்டார்: "அதான் பொண்டாட்டி சொல்லுதுல்ல, ஏறு சாமி ஆட்டோல."

வங்கிக்காரன் அவனோடு ஏறிக்கொண்டான். செங்கல்பட்டு வந்ததும் முழங்காலைக் காரணம் காட்டி ரயிலேறிவிடுவது என்று ரகசியமாகத் திட்டம் வைத்திருந்த நான், அந்த அம்மாளுக்கு ஒரே துணையாக நடுரோட்டில் நின்றேன். அவர் அதற்குள் நடக்க ஆரம்பித்திருந்தார். காட்டாங்குளத்தூர் வரை திரும்பிப் பார்க்கவில்லை. அழுகிறாரோ என்று நினைத்துப் பக்கத்தில் போகாமல் பின்னாலேயே போனேன். உண்மையில் அவர் வேகத்துக்கு என்னால் பக்கத்தில் போகவும் முடியவில்லை.

சிங்கபெருமாள் கோயிலை நெருங்கும்போது அவனிடமிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார். சில்லை எடுத்துவிட்டார்களாம். ஆழம்தான், ஆனால் காலுக்கு மோசமில்லை. இன்னும் ஒரு நாள் நடந்திருந்தால் சொல்லியிருக்க முடியாது என்றாராம் டாக்டர். அந்த அம்மாள் சாலையோரத் தடுப்பில் காலை வைத்து ஷூ நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"அங்க போய் என் பேருக்கு அர்ச்சனை பண்ணுவியா?" என்றது போன், சின்னக் குரலில். "நட்சத்திரம் ஞாபகம் இருக்கில்ல?"

"இத்தனை வருஷமா கோயில்ல அத யாருங்க சொல்லிட்டிருக்கா? போன வைங்க, பாலம் ஏறணும்."